தனியாக மாட்டாத படம்

போட்டோக்காரன் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: ஊரில் யாரை வேண்டுமானாலும் சிரிக்கச் சொல்லலாம், நாம் சிரிக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருபது வருஷமாகச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், லேமினேஷன், காதுகுத்து. அது வயிற்றுக்கு. மனசுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகப் புதுச்சேரியில் யாரோ சலித்துப்போய் விற்ற பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றையும், எழுபதிலிருந்து முந்நூறு எம்.எம். வரை நீளும் மலிவான லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். லென்ஸுக்குள் அப்போதே ஓரமாகப் பூஞ்சை இருந்தது. அது மேலும் பரவாமல் இருக்க இன்றுவரை அரிசி டப்பாவில் புதைத்து வைக்கிறேன். கீழே சாய்த்தால் லென்ஸ் தானாக நீண்டுவிடும் என்பதால் அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட். முந்நூறுக்கு இழுத்தால் படம் பால் ஊற்றியது போல இருக்கும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வேன். வெயில் இல்லாவிட்டால் எதற்கும் உதவாது. ஆனால் வெயிலில் நின்ற கருத்த முகத்துக்கு அந்தக் கேமரா கொடுக்கும் நிறம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் சாப்பாடு வேண்டாம் எனக்கு. இதே போன்ற சாமானைத் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் அலையும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

என் ஆசை பெரிதல்ல. நான் எடுத்த முகம் ஒன்று, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே, அவர் வீட்டுச் சுவரில் ஏற வேண்டும். அதற்கு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

பத்து

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேச ஒருவர் கடைக்கு வந்தார். பெண்ணுக்கு அப்பா. மேஜைமேல் இருந்த கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் பேண்டைச் சுண்டிப் பார்த்தார். "எத்தினி மெகா பிக்சலுங்க?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். பத்து என்றேன். பத்தே போதும், வாசல் அளவுக்குப் பெரிதாக்கலாம், படம் வெளிச்சத்தில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். நான் விளக்க ஆரம்பித்தால் கல்யாணம் கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

அவர் கேமராவைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மெதுவாக வைத்தார். என்மேல் பரிதாபம்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பத்துங்களா? எங்க வூட்டுக்குப் பால் ஊத்தறவரு செல்லே அம்பதுங்க."

இளநீர்

எலவனாசூர்கோட்டைப் பக்கம் மக்காச்சோளக் கொல்லை ஒன்றில் மோட்டார் கொட்டகைக்குப் போகும் கம்பியில் தினமும் ஒரு பனங்காடை வந்து உட்காரும். றெக்கையை விரித்தால் அப்படி ஒரு நீலம். அதற்காக வரப்பில் ஸ்டாண்டு போட்டு, லென்ஸை மாட்டிக் காத்திருந்தேன். அரைமணி நேரத்தில் என் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. நிலத்துக்காரர் முனுசாமி, அவர் மனைவி பச்சையம்மா, மகன். மூவர் முகத்திலும் ரத்தம் இல்லை. "சார், ரோடு நம்ப கெணத்து மேல போவுதா, அந்தாண்ட தள்ளிப் போவுதா?" என்றார் முனுசாமி. மூன்று கால் ஸ்டாண்டும் நீளமான குழாயும் கொல்லையில் இறங்கினால் புது ரோட்டுக்கு நிலம் அளக்க வந்தவன் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. பறவைக்காக வந்தேன் என்றேன். அவர் தலையாட்டினார். "புரிதுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு மேல ஆர்டர்" என்றார். மகன் மரமேறி நாலு இளநீர் பறித்துப் போட்டார். ஒன்று குடித்தேன். இன்னொன்றைச் சீவினார்கள். மறுத்தால் கிணறு போய்விடும் என்று பயந்தார்களோ என்னவோ, கையில் திணித்தார்கள். வெயில் நேரம், நானும் குடித்தேன்.

கடைசியில் பனங்காடை வந்தது. எடுத்தேன். முனுசாமியைக் கூப்பிட்டுக் கேமராவின் பின்திரையைக் காட்டினேன். பார்த்தார். நடந்து போய்க் கிணற்று மேட்டில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, தனியாக, வாய்விட்டுச் சிரித்தார். என் லென்ஸுக்கு முப்பது அடி தேவை. சரியாக முப்பது அடியில் நின்றிருந்தார். ஒரே ஒரு அழுத்து. என் வாழ்நாளிலேயே நல்ல படம் அதுதான். சிரித்து முடித்துத் திரும்பி வந்தவருக்கு இளநீர் ஞாபகம் வந்துவிட்டது.

"குருவிக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நாலு காய வெட்டியிருக்க மாட்டனேய்யா!"

ஆணி

அந்தச் சிரிப்பைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் போட்டு, யாரும் கேட்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். முனுசாமி துண்டில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். "நானா இது?" என்று மூன்று தடவை கேட்டார். இடுப்பளவு படத்தில் அவர் மட்டும். பின்னால் கொல்லை பச்சையாகக் கரைந்து கிடந்தது. உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்தார். இருபது வருஷ ஆசை, ஓர் ஆணி தூரத்தில்.

பச்சையம்மா குறுக்கே வந்து சுத்தியலைப் பிடுங்கினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர்கள் சுவரில் படங்கள் உண்டு. கல்யாணப் படத்தில் இருவர். மகன் கல்யாணத்தில் பன்னிரண்டு பேர். எங்கள் பக்கத்தில் சட்டம் போட்ட படத்தில் ஓர் ஆள் தனியாக இருந்தால் அவர் இப்போது இல்லை என்று பொருள். நான் வைத்திருப்பதோ ஓர் ஆளுக்கு மேல் அடங்காத லென்ஸ். இதற்குமுன் நான் கொடுத்த படங்களையும் யாரும் மாட்டவில்லை, பிடிக்கவில்லை என்று நினைத்து மருகிக்கொண்டிருந்தேன். பிடிக்காமல் இல்லை, பயம். முனுசாமி படத்தைக் கொண்டுபோய்த் தகரப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தார். பச்சையம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொல்லையை அளக்க வந்தவனே தேவலை என்று இருந்தது.

"இன்னாங்க நீங்க, ஆளு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறாரு, தனியா மாட்டச் சொல்றீங்களே!"

இடம் விட்டு

மறு வருஷம் தை மாதத்தில் ஒரு காலை முனுசாமியின் மகன் கடைக்கு ஓடிவந்தார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டார். வேறு எந்தப் படத்திலும் அப்பா சிரிக்கவில்லையாம். எடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் ஊர் எல்லையில் பேனர் நின்றது. போய்ப் பார்த்தேன். முகத்தை நாலு மடங்கு வெளுத்திருந்தார்கள். வெறும் உடம்பில் துண்டு போட்டிருந்தவருக்கு யாருடைய சட்டையையோ ஒட்டியிருந்தார்கள். பின்னால் கொல்லை இருந்த இடத்தில் மேகம். கண்ணீர் அஞ்சலி என்று சிவப்பு எழுத்தில். அந்தச் சிரிப்பை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன்முன் நின்று அழுதேன். அவருக்காக எவ்வளவு, மேகத்துக்காக எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் வைத்திருந்தது மட்டும் நான் கொடுத்த படம், பெட்டியிலிருந்து எடுத்தது. அதற்குச் சின்ன விளக்கும் மாலைக்குக் கொக்கியும் பொருத்தித் தந்தவன் என் கடைக்கு இரண்டு கடை தள்ளிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயது சின்னவன். செத்தவர் முகத்தையெல்லாம் தினமும் துடைத்துத் துடைத்து அவனுக்குத் துக்கமே மரத்துப்போய்விட்டது. படத்தை எட்டி நின்று பார்த்தான். தலைக்கு மேலே வெற்றிடம், தோளுக்கு இருபுறமும் வெற்றிடம். மூச்சுவிட இடம் வேண்டும் என்று நான் ஆசையாக விட்ட இடம் அது. மாலை அதில் அச்சாகப் பொருந்தியிருந்தது. என் தோளைத் தட்டிச் சொன்னான்:

"அண்ணே, மாலைக்கு எடம் வுட்டுப் படம் எடுக்கறது இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தாண்ணே."

அந்தாண்ட

ஏழுமலை வாய் சும்மா இருக்காது, இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அதன்பிறகு, தூரத்திலிருந்து நான் எடுத்துக் கொடுத்திருந்த இன்னும் இரண்டு பேரின் படங்கள், ஒரு தையல்காரருடையதும் ஓய்வுபெற்ற வாத்தியாருடையதும், பெட்டியிலிருந்து சுவருக்கு வந்தன. இருவருக்கும் எண்பதைத் தொட்ட வயசு. வயசானவர்கள் போகிறார்கள், இதில் என் லென்ஸ் என்ன செய்யும்? ஆனால் ஊருக்குக் காரணம் சொல்ல ஒரு குழாய் கிடைத்துவிட்டது.

திருநாவலூர் கோயில் திருவிழாவில்தான் அதை முழுசாகப் பார்த்தேன். நல்ல வெயில், நல்ல கூட்டம், நல்ல முகங்கள். லென்ஸை உயர்த்தினேன். எதிரே பந்தல் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள் சொல்லிவைத்தாற்போலத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்கள். இடதுபக்கம் திருப்பினேன். அங்கே ஒரு பெண்மணி தன் மாமியாரைப் பின்னால் தள்ளி மறைத்தார். மாமியாரை மருமகள் அப்படிக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை, அந்த வகையில் என் குழாய் ஒரு நல்லதும் செய்திருக்கிறது. வலதுபக்கம் பொரி விற்றுக்கொண்டிருந்தவருக்கு ஒளிய இடமில்லை. பொரி அளக்கும் படியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கும்பிடாத குறையாகக் கேட்டார்:

"இன்னும் ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் ஆவலப்பா, அத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்பு."

மலை மேல்

கீழ்நாட்டில் விலை போகாதவன் கல்வராயன் மலைக்குப் போனேன். அங்கே என்னையும் தெரியாது, என் குழாயையும் தெரியாது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பஸ்ஸில் போய்க் கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்கினேன். பலாப்பழமும் அவித்த குச்சிக்கிழங்கும் விற்றுக்கொண்டிருந்தார் சின்னப்பொண்ணு என்ற அம்மா. ஐம்பது வயசு இருக்கும். முகமென்றால் முகம். ஆனால் மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. மேகத்தைக் கண்டால் என் லென்ஸுக்குப் புத்தி பேதலித்துவிடும். முன்னே போகும், பின்னே வரும், கிர்ரென்று சுற்றும், எதையும் பிடிக்காது. "இன்னா சார், உள்ள வண்டு பூந்துகிச்சா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் கிழங்கு தின்றேன். ஒரு கணம் வெயில் வந்தது. அவர் பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். எடுத்துவிட்டேன். பிரிண்ட் போட்டுச் சட்டத்தோடு அதே பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். கடைக்குப் பின்னால் அவர் வீடு. கூப்பிட்டுக் காட்டினார். சுவரில் படம் இருந்தது! தனியாக, மாலை இல்லாமல், நடுச் சுவரில். படத்துக்குச் சொந்தக்காரர் உயிரோடு எனக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மலையில்தான் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகுதான் நிமிர்ந்து சரியாகப் பார்த்தேன். படத்துக்கு மேலே, இரண்டு மூலைக்கும் நேராக, காலியாக இரண்டு ஆணிகள். எதற்கு என்று கேட்டேன். சொம்பை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"பசங்க திருப்பூர்ல கீறானுங்க. அவசரத்துல வந்து ஆணிக்கு அலைவானுங்களா? நானே அடிச்சி வெச்சிட்டன், மாலை மட்டும் அவனுங்க வாங்கியாந்தா போதும்."

என் முறை

இறங்கி வந்ததும் கேமராவை ஏழுமலை கையில் கொடுத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று என்னை எடு, பெரிதாக்கு, சட்டம் போடு, என் கடையில் மாட்டுகிறேன், பார்த்துவிடுவோம் என்றேன். தனியாக மாட்டினால் ஒன்றும் ஆகாது என்பதற்கு நானே அத்தாட்சியாகத் தினமும் அதன்கீழ் உட்காரப்போகிறேன் என்று வீறாப்பு. நடுவே பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் போனதில் முக்கால்வாசி வீண். ஒன்று மட்டும் நன்றாக விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவைத் தொட்டவன், எனக்கு வயிற்றெரிச்சல் வருகிற மாதிரி எடுத்திருந்தான். சட்டத்தில் மாலைக்குக் கொக்கியும் வைத்திருந்தான். கேட்டதற்குக் கைப்பழக்கம் என்றான்.

மாட்டி மூன்றாம் நாள் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒருவர் வந்தார். நான் குனிந்து வெள்ளைத் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் சுவரையே பார்த்தார், செருப்பைக் கழற்றி வெளியே விட்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அண்ணாருங்களா? எப்பங்க தவறினாரு?"

பக்கத்தில்

போன மாதம் பச்சையம்மா கடைக்கு வந்தார். விதவை உதவித்தொகைக்குப் பாஸ்போர்ட் படம். எனக்குத்தான் சங்கடம். ஸ்டூலில் உட்காரவைத்து, சின்ன லென்ஸில், எல்லாரையும்போல எடுத்தேன். எடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. சுவரில் இருந்த என் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நல்லாத்தானே கீறீங்க?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். நான் கேட்காமலேயே சொன்னார். முனுசாமி தினமும் கொல்லையிலிருந்து வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பாராம். பார்த்துவிட்டுப் பழையபடி துணிக்கடியில் வைப்பாராம். பச்சையம்மா வருகிற சத்தம் கேட்டால் வேட்டி தேடுவதுபோல நடிப்பாராம். "ஒரு வருசம் அப்டியே பாத்தாருங்க. நான் மாட்ட வுட்டிருந்தா நல்லா நிமுந்து பாத்திருப்பாரு" என்றார்.

பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குழாயில் தன்னை ஒன்று எடுக்கச் சொன்னார். முனுசாமியுடையது எந்த அளவோ அதே அளவு, அதே சட்டம். இத்தனை நாள் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவன், அந்த அம்மா மேல் லென்ஸைத் திருப்பப் பயந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயந்தேன். ரோட்டைத் தாண்டிப் போய் முப்பது அடியில் நின்றேன். பஸ் போகட்டும் என்றேன். டிராக்டர் போகட்டும் என்றேன். ஒன்றும் வராதபோதும் நின்றேன். அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டதுபோல வலதுபக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் எடுத்தேன். திரும்பி வந்து, மனசு கேட்காமல், உயிரோடு இருப்பவரைத் தனியாக மாட்டக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். நான் ஏதோ விவரம் தெரியாதவன் என்பதுபோலப் பார்த்தார்.

"தனியா எங்கங்க? அவரு பக்கத்துல தானே மாட்டப் போறன்."

முந்நூறு எம்.எம். லென்ஸில் ஓர் ஆள்தான் அடங்குவார் என்று இத்தனை நாள் நான் அடித்துச் சொல்லிவந்தது தப்பு. ஒருவர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டு பேர் தாராளமாக அடங்குகிறார்கள்.